நடந்து போகும் பசை

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் எந்தப் புதுச்சொல் வந்தாலும் ஆசிரியர் முதலில் அதன் வேரைத் தோண்டிக் காட்டுவார். லத்தீனா, கிரேக்கமா, முன்னே ஒட்டியது எது, பின்னே ஒட்டியது எது என்று நோட்டில் எழுதிய பிறகுதான் பாடம் நகரும். அதன்பின் அரசு வேலையில் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு மல்லுக்கட்டியதில் பள்ளியில் படித்தது பெரும்பாலும் மறந்துபோயிற்று. இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தால்கூட வேர்ச்சொல் தேடுவேன். வீட்டில் சிரிப்பார்கள்.

'கிளியா' என்றால் கிரேக்கத்தில் பசை. மூளையில் செய்திகளை அனுப்பும் நரம்பு செல்கள் ஒரு வகை. அவற்றின் இடையிலும் சுற்றிலும் நிறைந்திருக்கும் மற்ற செல்களுக்குத்தான் இந்தப் பெயர். 1856இல் பெயர் வைத்த ஜெர்மானிய மருத்துவர் விர்ஹோ, நரம்புகளை ஒட்டிவைக்கும் ஒருவிதச் சாந்து என்றுதான் இவற்றை நினைத்தார். பசை என்றால் பூசிய இடத்திலேயே இருக்க வேண்டும் அல்லவா? இந்தப் பசை நடக்கிறது. பிறக்கும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு. ஒரு மூளையிலிருந்து எடுத்து இன்னொரு மூளையில் வைத்தாலும், சமயம் சரியாக இருந்தால், அங்கேயும் நடக்கிறது. எப்போது நடக்கும், எப்போது நடக்காது என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பத்துக்கு வந்தது. இல்லாவிட்டால் இந்த வயதில் நான் எதற்கு எலி மூளையைப் பற்றிப் படிக்கிறேன்?

என் மனைவியின் தம்பி ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கிருந்து பென்ஷன் வாங்குபவர். அவர் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவளுக்குப் பிறந்த பையனுக்குக் கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கருவிழிகள் இரண்டும் ஊசல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன. எட்டு மாதமாகியும் தலை நிற்கவில்லை. ஸ்கேன், மரபணுச் சோதனை என்று மாதங்கள் ஓடின. கடைசியில் வந்த ரிப்போர்ட்டை மச்சான் என்னிடம் எடுத்துவந்தார். பட்டாளத்து பிரெஞ்சு அவருக்கு நன்றாகவே வரும். ஆஸ்பத்திரி பிரெஞ்சு வேறு.

'லெக்கோதிஸ்த்ரோஃபி' என்று போட்டிருந்தது. லெக்கோ என்றால் வெண்மை. திஸ் என்றால் கோளாறு. த்ரோஃபி, ஊட்டம். மூளையின் வெள்ளைப் பகுதி சரியாக வளராத நோய். அதில் பல வகை உண்டு. பையனுக்கு வந்தது பெலிட்ஸாயஸ்-மெர்ட்ஸ்பாஹர் என்ற வகை. இரண்டு மருத்துவர்களின் பெயர். தோண்ட வேர் இல்லை. கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு இருப்பதால் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆண் குழந்தைக்கு ஒன்றே ஒன்று என்பதால் தெரிந்துவிடும். தாய் வழியாக வரலாம் என்று எழுதியிருந்த அந்த வரியை மச்சானுக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படித்தேன். அதில் அவள் செய்த தப்பு ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

வெள்ளைப் பகுதி என்பது வேறொன்றுமில்லை. நரம்பிழைகள் கரண்ட் ஒயர் மாதிரி என்றால், அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறைதான் மையலின். கொழுப்புச் சத்து நிறைந்தது, அதனால் வெண்மையாகத் தெரிகிறது. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு 1 மீட்டர் அளவில் ஊரும். நல்ல உறை போட்ட தடித்த இழையில் 100 மீட்டர் வரை பாயும். உறை ஒரே நீளமாகவும் இராது. இடையிடையே சின்ன இடைவெளி விட்டுச் சுற்றியிருக்கும். செய்தி ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. அந்த இடைவெளிகளுக்கு ரன்வியே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் இன்றும் உலகம் முழுவதும் சொல்கிறார்கள். மூளையில் இந்த உறையைச் சுற்றுகிற வேலை ஒருவகை கிளியா செல்லுக்கு. ஒலிகோடென்ட்ரோசைட் என்று பெயர். 'ஒலிகோ' சில, 'டென்ட்ரோ' மரம். கிளைகள் குறைந்த செல். ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்தேகா 1921இல் வைத்த பெயர். கிளை குறைவு என்று பெயரில் இருந்தாலும், ஒரே செல் கைகளை நீட்டி டஜன் கணக்கான இழைகளுக்கு உறை போடும். பையனுக்கு இந்த செல்கள்தான் சரியாக வேலை செய்யவில்லை.

ரிப்போர்ட்டோடு மச்சான் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். நம் நாட்டில் ஒரு பெருநகரத்தில் இருக்கும் ஒரு தனியார் மையத்தின் வண்ணப் புத்தகம். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு நீரில் ஊசி மூலம் செலுத்துவார்களாம். மூன்று தவணை. ஒவ்வொரு தவணைக்கும் லட்சக்கணக்கில். கோடை விடுமுறைக்குப் பையன் வரும்போது முதல் தவணையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு மனையை விற்க ஆளும் பார்த்துவிட்டார்.

"மாமா, செல்லு தானாவே பழுதான எடத்தத் தேடிப் போவும்னு எழுதியிருக்காங்களே, அது நெஜமா?" என்று கேட்டார்.

பதினைந்து நாள் டைம் கேட்டேன். மருமகள் முறையாகும் அந்தப் பெண், பிரான்சில் இந்த நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நடத்தும் 'எலா' என்ற சங்கத்திலிருந்து கிடைத்த பிரெஞ்சுத் தாள்களை எல்லாம் அனுப்பிவைத்தாள். 1992இல் தொடங்கிய சங்கம். கால்பந்து வீரர் ஸிதான் பல காலமாக அதற்குத் துணை நிற்கிறார். ஒவ்வொரு வருடமும் பள்ளிகளில் இந்தச் சங்கத்துக்காக ஒரு தீக்தே நடக்கிறது. அதாவது ஆசிரியர் படிக்கப் படிக்க மாணவர்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். எங்கள் காலத்தில் அதில் தப்புக்குத் தப்பு மார்க் குறைத்துக் காதையும் திருகுவார்கள். இப்போது ஒரு நல்ல காரியத்துக்காக எழுதுகிறார்கள், சந்தோஷம்.

அந்தத் தாள்களில் தொடங்கிப் படித்துக்கொண்டே போனதில் இரண்டு பிரெஞ்சுப் பெண்மணிகளிடம் வந்து நின்றேன்.

ஒருவர் நிக்கோல் லெ துவாரேன். பிரித்தானிப் பகுதியில் 1930இல் பிறந்தவர். சில வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். செல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது என்று சொல்லிவிடலாம். இந்த செல்தான் அங்கிருந்து வந்தது என்று எப்படி நிரூபிப்பது? லட்சக்கணக்கான செல்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றனவே. 1960களின் கடைசியில் அவர் ஒன்றைக் கவனித்தார். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஜப்பானியக் காடையின் செல் ஒவ்வொன்றின் நடுவிலும் அழுத்தமான ஒரு பொட்டு தெரிகிறது. கோழியின் செல்லில் அந்தப் பொட்டு இல்லை. அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாள் அடைவைத்த கோழி முட்டையில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே இருக்கும் கருவின் நரம்புக் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அதே வயதுள்ள காடைக் கருவின் துண்டை வைத்தார். பிறகு கரு வளர்ந்ததும் பொட்டு வைத்த செல்கள் எங்கெங்கே போயிருக்கின்றன என்று தேடினார்.

எங்கெங்கோ போயிருந்தன. நரம்புகளுக்கு உறை போடும் செல்களாகச் சில, குடலின் நரம்பு முடிச்சுகளாகச் சில, தோலில் நிறம் கொடுக்கும் செல்களாகச் சில. வெள்ளைக் கோழிக்குஞ்சின் இறக்கைப் பக்கம் மட்டும் காடையின் பழுப்பு நிறத்தோடு பொரிந்து வந்தது. ஒரு இடத்துத் துண்டை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தபோது, பல செல்கள் பழைய இடத்தின் வேலையை விட்டுவிட்டுப் புதிய இடத்தின் வேலையைச் செய்தன. 1988இல் மூளையின் பகுதிகளையே மாற்றிவைத்து அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் சில கோழிக்குஞ்சுகள் காடையைப் போலக் கூவின. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காடையைச் சாப்பிட்டிருக்கிறேன், அதற்குள் இப்படி ஒரு முத்திரை இருக்கும் என்று யார் கண்டது?

இன்னொருவர் மத்லேன் கும்பெல். இவர் வேலை செய்தது பாரீஸில் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில். சல்பெத்ர் என்றால் வெடியுப்பு. முன்காலத்தில் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர். மையலின் உறை அங்கங்கே அழிந்துபோகும் நோயை ஷார்க்கோ 1868இல் விவரித்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். 1980களின் தொடக்கத்தில் கும்பெலும் கூட்டாளிகளும் எடுத்துக்கொண்டது ஒரு சுண்டெலி வகை. பிறவியிலேயே மையலினுக்குத் தேவையான ஒரு புரதம் அதற்கு இல்லை. இரண்டு வாரக் குட்டியாக இருக்கும்போதே உடம்பு நடுங்க ஆரம்பித்து, வலிப்பு வந்து, நாலு மாதத்துக்குள் செத்துப்போகும். நடுங்கி எலி என்றே பெயர்.

அந்த எலி பிறந்த உடனே அதன் மூளையில், நல்ல எலிக்குட்டியின் மூளையிலிருந்து எடுத்த சிறு துணுக்கை வைத்தார்கள். நடுங்கி எலியில் அந்தப் புரதம் கொஞ்சமும் கிடையாது. ஆகவே சில வாரம் கழித்து மூளையில் எங்கெல்லாம் அந்தப் புரதம் தெரிகிறதோ, அங்கெல்லாம் விருந்தாளி செல் வந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். காடையின் பொட்டு மாதிரியே ஒரு அடையாளம். பார்த்தால், துணுக்கை வைத்த இடத்தில் மட்டுமல்ல, அங்கிருந்து சில மில்லிமீட்டர் தள்ளியும் நல்ல மையலின் தீவு தீவாகத் தெரிந்தது. சுண்டெலியின் மூளைக்குச் சில மில்லிமீட்டர் என்பது புதுச்சேரியிலிருந்து காரைக்கால் போவது மாதிரி. மனிதக் கருவின் திசுவை வைத்தபோதும் அந்த செல்கள் எலியின் நரம்புக்கு உறை போட்டன.

எப்படி நடக்கிறது? இதைச் செய்வது முழுதாக வளர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட் அல்ல. உறை போட ஆரம்பித்த செல் அதன்பின் அசையாது, குடும்பஸ்தன் ஆகிவிட்டது. நடப்பது அதற்கு முந்திய இளம் செல். முன்னால் ஒரு விழுதை நீட்டித் தடவிப் பார்க்கும், பிடித்துக்கொள்ளும், உடம்பை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே போடப்பட்ட நரம்புக் கற்றைகள் ஒரு பாதை. ரத்தக் குழாய்கள் இன்னொரு பாதை. வளரும் மூளையில் இந்த இளம் செல்கள் குழாயின் வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போவதை 2016இல் கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். குழாயை விட்டு இறங்கிய பிறகுதான் உறை போடும் செல்லாக முதிர்கிறது. பஸ்ஸில் போகும்போது யாரும் வீடு கட்ட முடியாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இதுவரை படித்ததும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அந்த வண்ணப் புத்தகம் சொல்வது சரிதானோ என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் கேம்பிரிட்ஜ் கால்நடை மருத்துவப் பிரிவில் பிளேக்மோர் என்பவர் செய்தது கண்ணில் பட்டது. அதே இளம் செல்களை வளர்ந்த, ஆரோக்கியமான எலியின் மூளையிலும் தண்டுவடத்திலும் வைத்தார்கள். அவை நடக்கவில்லை. பெரும்பாலும் பிழைக்கவே இல்லை. அதே வயதுள்ள எலிக்கு முதலில் கதிர்வீச்சு கொடுத்து, சொந்த இளம் செல்களை அழித்துவிட்டு வைத்தால், விருந்தாளி செல்கள் பிழைத்துப் பரவின.

எனக்கு அலுவலக வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. புதுச்சேரி அரசு ஊழியனுக்கு மாற்றல் என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம். கையில் உத்தரவு இருந்தால் போதாது, போகிற இடத்தில் பணியிடம் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்கார நாற்காலி இராது, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாது, ஒரு மாதத்தில் ஊர் திரும்பவேண்டியதுதான். செல்லும் அப்படித்தான். மூளையில் இளம் கிளியா செல்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வட்டாரம் வைத்துக்கொண்டு, பக்கத்து செல்லைத் தள்ளியே நிறுத்தும். வளரும் மூளையில் வட்டாரங்கள் இன்னும் பிரிபட்டுக்கொண்டிருக்கின்றன. நடுங்கி எலிக்குட்டியின் மூளையில் மாநிலம் முழுக்கக் காலியிடம். அதனால் அங்கே நடை.

பதினைந்தாம் நாள் மச்சான் வந்தார். சொன்னேன்: "செல்லு நடக்குறது நெஜம்தான். ஆனா நடக்குற செல்லு மூளையோட செல்லு. இவங்க எடுக்குறது இடுப்பெலும்பு மஜ்ஜை. அது மையலின் போடற செல்லா மாறாது."

அவர் சும்மா இருக்கவில்லை. பாரீஸில் எலும்பு மஜ்ஜை மாற்றி ஒரு லெக்கோதிஸ்த்ரோஃபி பையன் பிழைத்ததை அவரும் யாரிடமோ கேட்டு வைத்திருந்தார். அதுவும் உண்மை. ஓபூர் என்ற மருத்துவரின் குழு 1990இல் வெளியிட்டது. அது வேறு வகை நோய், அட்ரினோ லெக்கோதிஸ்த்ரோஃபி. மஜ்ஜையின் செல்கள் ரத்தம் வழியாக மூளைக்குள் போய், குப்பை அள்ளும் கிளியா செல்களாக உட்காருகின்றன. அந்த நோய்க்கு அது உதவுகிறது. நம் பையனுக்குக் கோளாறு உறை போடும் செல்லிலேயே இருக்கிறது. துப்புரவுப் பணியாளரை அனுப்பினால் எலக்ட்ரீஷியன் வேலை ஆகாது. அதோடு, பாரீஸில் செய்தது வேறு ஒருவரின் ஆரோக்கியமான மஜ்ஜையை. இங்கே எடுப்பது பையனின் மஜ்ஜையையே. அதிலும் அதே கெட்ட மரபணுதானே இருக்கும்?

அப்போது அவர் கேட்டார்: "சரி மாமா. நம்ம புள்ளைக்கு ரெண்டு வயசு கூட ஆவல. மூளை வளந்துகிட்டுதான இருக்கு? நீங்க சொல்ற காலியிடம் பூரா இருக்குதான? அப்ப நல்ல செல்லா கொண்டாந்து வெச்சா நடக்கும்தான?"

பட்டாளத்துக்காரர் சரியான இடத்தில் பிடித்தார். அதே கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் கேட்டார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் கோல்ட்மன் என்பவரின் குழு மனித கிளியாவின் இளம் செல்களை நடுங்கி எலிக்குட்டிகளின் மூளையில் ஐந்து இடங்களில் செலுத்தியது. 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பல எலிகள் இறந்தன, ஆனால் சில எலிகள் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்தன. மூளை முழுக்க மனித செல்கள் போட்ட மையலின். இதே பெலிட்ஸாயஸ் நோயுள்ள நான்கு சிறுவர்களுக்கு, சான் பிரான்சிஸ்கோவில், மனித நரம்பு ஸ்டெம் செல்களை மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அறிக்கையை அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். செலுத்தியதால் பெரிய ஆபத்து வரவில்லை. ஸ்கேனில் மையலின் வந்ததற்கான சாயல் தெரிந்தது. மூன்று பையன்களிடம் சிறு முன்னேற்றம். நடந்தார்கள், ஓடினார்கள் என்றெல்லாம் இல்லை. செல்களைத் தயாரித்த நிறுவனம் 2016இல் மூடப்பட்டது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஒரு இஸ்ரேலியப் பையன், வேறு நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் கருவின் நரம்பு செல்களை ஊசியாகப் போட்டுக்கொண்டவன். சில வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. சோதித்தால் கட்டி அவன் செல் அல்ல, தானம் கொடுத்தவர்களுடையது. 2009இல் வெளியான செய்தி. நடக்கத் தெரிந்த செல்லுக்கு நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டு விதியையும் எடுத்துக் காட்டினேன். குமாஸ்தா வேறு என்ன செய்வான்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் வருட வழிகாட்டு நெறி. ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் வைத்தியம் எல்லாம் முறையான ஆய்வாகத்தான் நடக்கலாம். ஆய்வில் சேரும் நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. அந்த வண்ணப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டண விவரம் இருந்தது. மச்சான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதுவும் பேசாமல் போய்விட்டார். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நம்பிக்கையைப் பிடுங்கியவன் என்று என்மேல் கோபம் என அக்காவிடம் சொன்னாராம். எனக்கு அது வருத்தம்தான்.

மனையை விற்கவில்லை. அந்தக் கோடையில் பையன் இங்கே வருவதற்குப் பதிலாக இவரும் மனைவியும் அங்கே போனார்கள். மூன்று மாதம் இருந்தார்கள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை போகிறார்கள். பையனுக்கு ஐந்து வயது. தோளுக்கும் கழுத்துக்கும் தாங்கல் வைத்த நாற்காலியில் உட்காருகிறான். வாரம் இரண்டு நாள் வெந்நீர்த் தொட்டியில் பயிற்சி. பேச்சு மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது. பிரெஞ்சும் தமிழும் கலந்து. கண் ஆடுவது முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று தாத்தா சொல்கிறார். பின்னால் எந்த ஆய்வு வந்தாலும் தெரியவேண்டும் என்று அவன் பெயரை அங்கே மருத்துவர்களின் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறாள் அவன் அம்மா. மச்சான் ஒரு தமிழ் நோட்டில் பயிற்சிகளைப் படம் போட்டு எழுதியிருக்கிறார். தலையை எந்தக் கையால் தாங்க வேண்டும், எத்தனை எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும் என்று. போன மாதம் அதில் ஒரு பிரெஞ்சுச் சொல்லுக்கு அர்த்தம் கேட்க வந்தார். 'நுக்' என்று இருந்தது. பிடரி என்றேன்.